சூடானபின் மறுபடி கிளம்பாத பழைய செவ்ரோலெட் வி8: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

1960களிலும் 70களின் தொடக்கத்திலும் வந்த கமரோ, செவெல், நோவா, இம்பாலா போன்ற செவ்ரோலெட் கார்களை மீட்டெடுத்து ஓட்டுகிறவர்கள் அனைவரும் என்றாவது ஒருநாள் இந்த நிலைக்கு வந்து சேருகிறார்கள். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிய வண்டி, அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பெட்ரோல் பங்கில் நிறுத்தியபின் மறுபடி கிளம்ப மறுக்கிறது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் எந்தக் குறையும் இல்லாததுபோல் கிளம்புகிறது. டெட்ராய்ட்டுக்கு வடக்கே, ஃபெர்ன்டேல் முதல் பான்டியாக் வரையிலான உட்வர்ட் அவென்யூவில் ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை நடக்கும் ட்ரீம் குரூஸ், 1995இல் தொடங்கியது. அங்கே வெயிலில் ஊர்ந்து செல்லும் வரிசையின் ஓரத்தில் பானட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் வண்டிகளில் பலவற்றுக்கு இதுதான் நோய்.

இதற்கு 'வேப்பர் லாக்' (சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைப்பது) என்று ஒரே பெயரைச் சூட்டிவிட்டுப் பெட்ரோல் பம்பை மாற்றுகிறவர்கள் அதிகம். உண்மையில் ஸ்டார்ட்டர், பெட்ரோல், ஸ்பார்க் ஆகிய மூன்றிலும் தனித்தனியாக வரக்கூடிய பிழைகள் இவை. சூட்டில் மட்டுமே தலைகாட்டுவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆகவே வண்டி கிளம்ப மறுக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே சோதித்துவிட வேண்டும். ஆறியபின் மீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லா அளவும் சரியாகவே காட்டும், நீங்களும் தேவையில்லாத பாகத்தை வாங்கி மாட்டுவீர்கள்.

கீழே உள்ளவை 283, 307, 327, 350 கன அங்குலச் சின்ன பிளாக் வி8 எஞ்சின்கள், பாயின்ட் (ஸ்பார்க்குக்காகக் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர், எஞ்சினோடு இணைந்த மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

## தொடங்குமுன்

ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், ஸ்பார்க் டெஸ்டர், நல்ல டார்ச், தடித்த கையுறை, பெட்ரோல் தீயை அணைக்கும் வகையைச் சேர்ந்த தீயணைப்பான் ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும். கியரைப் பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 10 வினாடிக்கு மேல் சுற்றவிடாமல், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். பெட்ரோல் எங்காவது சொட்டினால் ஸ்பார்க் சோதனையைத் தொடவே கூடாது. முதலில் கசிவை நிறுத்த வேண்டும்.

பிறகு சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தமே இல்லை, அல்லது ஒரு 'டிக்' மட்டும் என்றால் அறிகுறி 1. முக்கி முனகிச் சுற்றினால் அறிகுறி 2. சுறுசுறுப்பாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் அறிகுறி 3. பற்றியும் சாவியை விட்டவுடன் அணைந்தால் அறிகுறி 4. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால் அறிகுறி 5.

## அறிகுறி 1: சூட்டில் ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை

முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைந்துபோகும் அளவுக்கு மங்குகிறதா, கொஞ்சமும் மங்காமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### விளக்கு நன்றாக மங்கினால்

முதலில் பேட்டரி முனைகளைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். எஞ்சினை நிறுத்திச் சற்று நேரம் கழித்து எடுத்த பேட்டரி அளவு 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்தபிறகே மற்றதைப் பாருங்கள். அடுத்தது எர்த் கேபிள். பெயின்ட் அடித்து அழகாக மீட்டெடுக்கப்பட்ட வண்டிகளில் இந்த இடம் அடிக்கடி கெட்டுப்போயிருக்கும், ஏனென்றால் எஞ்சின் பிளாக்கின் மேலும் பாடியின் மேலும் புதிதாக அடித்த பெயின்ட்டே கரண்டைத் தடுக்கிறது. உதவிக்கு ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வையுங்கள், 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதேபோல் பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளையோ அதன் முனைகளையோ மாற்றுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு மங்கினால் ஸ்டார்ட்டருக்குள்ளேயே புஷ் தேய்ந்து ஆர்மெச்சர் உரசுகிறது என்று கொள்ளலாம். ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சீரமைக்கக் கொடுக்க வேண்டும்.

### விளக்கு மங்காவிட்டால்

கியரைப் பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி முயலுங்கள். அதில் கிளம்பினால், பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே ஸ்டார்ட்டரைச் சுற்றவிடும் நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் இடம் மாறியிருக்கிறது. அதைச் சரிசெய்தால் போதும், செலவே இல்லை.

கிளம்பாவிட்டால் செவ்ரோலெட்டுக்கே உரிய பிழைக்கு வருகிறோம். இந்த வண்டிகளில் ஸ்டார்ட்டரை இயக்கும் மின்காந்தச் சுவிட்சான சாலனாய்டு ஸ்டார்ட்டரின் மேலேயே, எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதே காலத்து ஃபோர்டில் அது ஃபெண்டரின் உட்புறத்தில், சூட்டிலிருந்து விலகி இருக்கும். சூடேறிய செவ்ரோலெட் சாலனாய்டை இழுக்க முழு வோல்டேஜ் தேவை. ஆனால் அந்த வோல்டேஜ் ஐம்பது வயதைக் கடந்த சாவி சுவிட்ச், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள சுவர்) கனெக்டர், நியூட்ரல் சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டி ஊதா நிற வயர் வழியாகச் சாலனாய்டின் 'எஸ்' முனைக்கு வர வேண்டியிருக்கிறது. சாவியைத் திருப்பிப் பிடித்தபடி அந்த முனையில் அளந்து பாருங்கள்.

10 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வழியில் இழப்பு இருக்கிறது. ஃபயர்வால் கனெக்டரின் நடு போல்ட்டைக் கழற்றிப் பிரித்து, பச்சை பூத்திருக்கும் முனைகளைச் சுத்தம் செய்வது முதல் வேலை. அதற்குப் பிறகும் குறைவாகவே வந்தால், ஊதா வயர் ஒரு ரிலேயை மட்டும் இயக்க, அந்த ரிலே பேட்டரி கேபிளிலிருந்து நேரடியாகச் சாலனாய்டுக்குக் கொடுக்கும்படி அமைத்துவிடலாம். ஃபெண்டரில் ஃபோர்டு வகை சாலனாய்டைப் பொருத்துகிறவர்களும் உண்டு. வேலை நடக்கும், ஆனால் சிறிய ரிலேயைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்து வண்டியின் பழைய தோற்றத்தைக் காப்பாற்றுவதையே நான் விரும்புவேன்.

11 வோல்ட்டும் அதற்கு மேலும் வந்தும் அசையாவிட்டால் சாலனாய்டை மாற்றுங்கள். ஸ்டார்ட்டரை இறக்கும்போது, எக்ஸாஸ்ட்டுக்கும் அதற்கும் இடையே இருக்க வேண்டிய தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பந்தய வகை ஹெடர் குழாய்களை மாட்டிய யாரோ ஒருவர் அதை எப்போதோ கழற்றி எறிந்திருக்கக்கூடும். எல்லாம் செய்தும் தொல்லை தொடர்ந்தால், கியர் வைத்த சிறிய நவீன ஸ்டார்ட்டருக்கு மாறுவதுதான் கடைசிச் செலவு.

எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டிய இடம்: வயரின் மேலுறை உருகியோ தொட்டால் உதிர்ந்தோ போனால், ஃபியூசிபிள் லிங்க் எரிந்திருந்தால், அல்லது சாவி சுவிட்ச் கையில் சுட்டால்.

## அறிகுறி 2: சூட்டில் முக்கி முனகிச் சுற்றுகிறது

ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயிலின் பாசிட்டிவ் முனையிலுள்ள வயர்களைக் கழற்றி, எங்கும் படாமல் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இந்த ஒரு சோதனையே பிழையை இரண்டாகப் பிரித்துவிடும்.

### காயிலைக் கழற்றியதும் இலகுவாகச் சுற்றினால்

டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், அளவுக்கு மீறி முன்னால் போயிருக்கிறது. பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பற்றி, ஸ்டார்ட்டரை எதிர்த்துத் தள்ளுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, உங்கள் எஞ்சினுக்கான கையேட்டு அளவுக்கு டைமிங் லைட்டால் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பாயின்ட்டின் ட்வெல் (பாயின்ட் மூடியிருக்கும் கோண அளவு) 30 டிகிரியில் இருக்க வேண்டும், ஏனெனில் ட்வெல் மாறினால் டைமிங்கும் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலுள்ள சிறிய உலோகச் சன்னலைத் தூக்கி, 1/8 அங்குல ஆலன் கீயால் எஞ்சின் ஓடும்போதே இதைச் சரிசெய்ய முடியும். பாயின்ட் வைத்த வண்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இது.

அளவுப்படி வைத்தும் முனகினால் குறியையே சந்தேகப்படுங்கள். கிராங்க் முன்முனையிலுள்ள ஹார்மோனிக் பேலன்சரின் வெளிவளையம் உள்ளே ஒரு ரப்பர்ப் பட்டையால் பிடிக்கப்பட்டிருக்கிறது. ரப்பர் காய்ந்தால் வளையம் மெல்ல நழுவி, அதன் மேலுள்ள கோடு பொய் சொல்லத் தொடங்கும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் வைத்து, கையால் இருபுறமும் சுற்றி, உண்மையான மேல்முனையைக் கண்டுபிடித்து ஒப்பிடுங்கள். நழுவியிருந்தால் பேலன்சரை மாற்றியே ஆக வேண்டும். அதற்குரிய புல்லரும் இன்ஸ்டாலரும் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது நல்லது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் கிராங்கின் த்ரஸ்ட் பேரிங் கெடும்.

### கழற்றியும் அப்படியே முனகினால்

அறிகுறி 1இல் சொன்ன கேபிள் சோதனைகளைச் செய்யுங்கள். அவை சரியென்றால் ஸ்டார்ட்டரைச் சீரமைக்க வேண்டியதுதான்.

## அறிகுறி 3: நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை

ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள். மிதித்துவிட்டால் இருந்த தடயமும் போய்விடும். ஏர் கிளீனரைக் கழற்றி, டார்ச்சைக் கார்புரேட்டரின் வாய்க்குள் அடித்துக் குனிந்து பாருங்கள். சாவி அணைந்திருக்கட்டும், முகத்தைச் சற்று விலக்கியே வையுங்கள்.

எதையும் தொடாத நிலையிலேயே நடுவிலுள்ள குழல்களிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வழிந்து, கீழே உள்ள தகட்டில் விழுந்து ஆவியாகிக்கொண்டிருந்தால் 3அ. சொட்டு இல்லாவிட்டால் த்ராட்டில் கம்பியைக் கையால் ஒருமுறை வேகமாக இழுங்கள். இரண்டு மெல்லிய தாரைகள் பீய்ச்சி அடிக்க வேண்டும். காற்று மட்டும் இருமினால், அல்லது ஒன்றுமே வராவிட்டால் 3ஆ. தாரை ஒழுங்காக வந்தால் பெட்ரோலில் குறை இல்லை, 3இக்குப் போங்கள்.

### 3அ: பெட்ரோல் மிகுந்துபோனால்

உடனடியாகக் கிளம்ப, ஆக்சிலேட்டரைத் தரைவரை அழுத்தி, எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கறுப்புப் புகையோடு கிளம்பிவிட்டால் நோய் உறுதியாயிற்று.

காரணங்களில் எளியது சோக். சூடான எஞ்சினில் சோக் தகடு செங்குத்தாக, முழுக்கத் திறந்து நிற்க வேண்டும். பாதியில் சிக்கியிருந்தால் கம்பியையும் அச்சையும் கிளீனர் அடித்து இலகுவாக்குங்கள்.

அடுத்தது பலரும் பார்க்க மறக்கிற ஹீட் ரைசர் வால்வ். வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கீழே எடைக்குண்டு வைத்த ஒரு சிறு வால்வ் இருக்கும். குளிரில் மூடி, எக்ஸாஸ்ட் சூட்டைக் கார்புரேட்டருக்கு அடியில் திருப்பிவிட்டு, சூடானதும் திறந்துவிடுவது அதன் வேலை. துரு பிடித்து மூடிய நிலையிலேயே நின்றுவிட்டால் எக்ஸாஸ்ட் ஓயாமல் கார்புரேட்டரின் அடியைச் சுட்டுக்கொண்டே இருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எடைக்குண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். நகராவிட்டால் கிராஃபைட் கலந்த துருநீக்கியை இரவு முழுதும் ஊறவிட்டு மெல்லத் தட்டுங்கள். வெயில் காலத்தில் மட்டும் ஓட்டும் வண்டியென்றால் அதைத் திறந்த நிலையிலேயே கட்டிவைத்தாலும் பெரிய நட்டமில்லை.

வால்வ் சரியாக இருந்தும் கொதிக்கிறதென்றால், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே கால் அங்குலத் தடிப்புள்ள வெப்பத்தடுப்பு கேஸ்கெட்டைப் போடுங்கள். செலவு குறைவு, பலன் பெரிது. போட்டபின் ஏர் கிளீனர் பானட்டில் இடிக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள்.

அதன் பிறகே கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டும்: நீடிலில் தூசி, மிதவையின் உயரம், மிதவையின் எடை. 1965 முதல் வந்த குவாட்ராஜெட் கார்புரேட்டர்களில் நுரைப்பொருளால் ஆன மிதவை, காலப்போக்கில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துத் தாழ்ந்துவிடும். அதைப் புதிதாக மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. த்ராட்டில் அச்சு துளையில் ஆடுகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால், அச்சுக்குப் புஷ் அடிக்கத் தெரிந்த கார்புரேட்டர் நிபுணரிடம் கொடுங்கள்.

### 3ஆ: கார்புரேட்டர் காலியாக இருந்தால்

டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி கிளம்பினால், காற்றுத்துளை இல்லாத தவறான மூடி போடப்பட்டிருக்கிறது. சரியான மூடி வாங்கினால் முடிந்தது.

அடுத்து ஈரத்துணி. குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பெட்ரோல் பம்பின் மேலும் அதற்கு வரும் குழாயின் மேலும் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள். அருகிலுள்ள எக்ஸாஸ்ட் இரும்பில் தண்ணீர் படக் கூடாது, விரிசல் விடும். அதன்பின் கிளம்பினால் அது மெய்யான வேப்பர் லாக். ஏப்ரல், மே மாதங்களில் திடீரென்று வெயில் அடிக்கும் நாளில் இது அதிகம் வரும். அமெரிக்கப் பங்குகளில் கோடைக்கான, எளிதில் ஆவியாகாத பெட்ரோல் ஜூன் 1 முதல்தான் கட்டாயம் என்பதால், அதற்கு முன் டேங்கில் இருப்பது பெரும்பாலும் குளிர்காலக் கலவையாக இருக்கும். அப்படிப்பட்ட நாளில் புதிதாகப் பெட்ரோல் நிரப்பியபின் தொல்லை தானாகவே மறைந்தால் வண்டியில் எதையும் கழற்ற வேண்டாம்.

தொடர்ந்து வந்தால் டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள ரப்பர் ஹோஸ்களை மாற்றுங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், இவற்றில் வெடிப்பு விட்டால் பெட்ரோல் வெளியே கசியாமல் காற்றுதான் உள்ளே புகும்; தரையில் சொட்டு இல்லை என்பதை வைத்து ஹோஸ் நல்லது என்று முடிவு செய்ய முடியாது. இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள 10 சதவீத எத்தனால் பழைய ரப்பரை அரிக்கிறது, எஸ்.ஏ.இ. 30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள். கூடவே குவாட்ராஜெட்டின் நுழைவாயிலில் ஒளிந்திருக்கும் சிறிய ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாய் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போனால் வளைத்து விலக்கி, வெப்பத்தடுப்பு உறை போடுங்கள். குழாயில் மரத் துணிக்கவ்விகளை வரிசையாக மாட்டும் வழக்கம் அமெரிக்காவில் மிகப் பழையது. அதனால் குழாய் குளிர்ந்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவுக்கும் பிறகே பம்ப். எஞ்சின் குளிர்ந்தபின் காயிலைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் குழாயை ஒரு மூடிய டப்பாவுக்குள் விட்டுச் சுற்றினால், 30 வினாடியில் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, வர வேண்டும். 10 வினாடிகளாகப் பிரித்துச் சுற்றிக் கூட்டிக்கொள்ளுங்கள். அழுத்தம் 5 முதல் 6.5 பி.எஸ்.ஐ. குறைந்தால் பம்பை மாற்றுமுன் அதை இயக்கும் தள்ளுகம்பியை உருவி அளந்து பாருங்கள், 5.75 அங்குலம் இருக்க வேண்டிய கம்பி தேய்ந்து குட்டையாகியிருந்தால் புதுப் பம்பும் பழையதைப் போலவே இறைக்கும்.

மின்சாரப் பம்பைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். விபத்தில் எஞ்சின் நின்றதும் பம்பையும் நிறுத்தும் பாதுகாப்புச் சுவிட்ச் அதற்குக் கட்டாயம் வேண்டும். அதை அமைக்கத் தெரியாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுங்கள்; இது உயிர் சம்பந்தப்பட்ட வேலை.

### 3இ: பெட்ரோல் இருக்கிறது, ஸ்பார்க் இல்லை

ஏதாவது ஒரு பிளக் வயரில் டெஸ்டரை மாட்டிச் சுற்றுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று வெடித்தால் ஸ்பார்க் நல்லது. மங்கிய மஞ்சளாகவோ விட்டுவிட்டோ வந்தால் பாயின்ட்டைத் திறந்து, கருகலையும் இடைவெளியையும் பாருங்கள். பின்னர் கண்டென்சரை மாற்றுங்கள். இன்று விற்கும் கண்டென்சர்களின் தரம் ஏற்ற இறக்கமாக இருப்பதால், வண்டியில் போட்டு ஓட்டிப் பார்த்து நல்லது என்று தெரிந்த ஒன்றைக் கையிருப்பில் வைத்திருப்பது, பெட்டி திறக்காத புதியதை நம்புவதைவிடப் பாதுகாப்பு.

காயிலுக்கும் அதே ஈரத்துணி வைத்தியம்தான். காயிலைக் குளிரவைத்ததும் ஸ்பார்க் திரும்பினால் வேறு சோதனை தேவையில்லை, மாற்றிவிடுங்கள். கடைசியாக ரோட்டரின் அடிப்புறத்தில் ஊசிமுனை அளவில் கருகிய துளை இருக்கிறதா என்றும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அசையும் தட்டோடு சேர்ந்து வளைந்து வளைந்து உள்ளே அறுந்துபோகும் சிறிய வயரையும் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் அச்சே பக்கவாட்டில் ஆடினால் அதைத் தொழிலறிந்தவரிடம் அனுப்ப வேண்டியதுதான்.

1970களின் நடுவில் வந்த, பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் வகையான எச்.இ.ஐ. டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய வண்டியில் மாட்டியிருந்தால் இரண்டைச் சரிபாருங்கள்: அதற்கு முழு 12 வோல்ட் வருகிறதா, உள்ளே இருக்கும் மாட்யூலின் அடியில் வெப்பம் கடத்தும் பசை தடவப்பட்டிருக்கிறதா. பசை இல்லாத மாட்யூல் சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்பெறும்.

## அறிகுறி 4: பற்றுகிறது, சாவியை விட்டால் அணைகிறது

பாயின்ட் வைத்த வண்டியில் இதற்குக் காரணம் ஏறக்குறைய ஒன்றே: சாவி 'ஆன்' நிலையில் காயிலுக்குக் கரண்ட் கொண்டுவரும் ரெசிஸ்டன்ஸ் வயர் அறுந்திருக்கிறது. சாவி 'ஆன்' நிலையில், பாயின்ட் மூடியிருக்கும்போது, காயிலின் பாசிட்டிவில் 6 முதல் 9 வோல்ட் வர வேண்டும். ஒன்றும் வராவிட்டால் அந்த வயரும் ஃபயர்வால் கனெக்டரும்தான் இடம். அந்த வயர் இருந்த இடத்தில் சாதாரண வயரைப் போட்டுவிடாதீர்கள், பாயின்ட் விரைவில் கருகும். நேர்மாறாக, சாவியை விடும் கணத்தில் மட்டும் பற்றினால், சாலனாய்டின் 'ஆர்' முனையிலிருந்து காயிலுக்குப் போகும் மஞ்சள் வயர் அறுந்திருக்கிறது.

## அறிகுறி 5: ஓடும்போதே நின்றுவிடுகிறது

விளக்கை அணைத்ததுபோல் ஒரே கணத்தில் நின்றால் 3இ. திக்கித் திணறி, இழுவை குறைந்து, பிறகு நின்றால் 3ஆ. வெப்பமானியின் முள்ளும் ஏறியிருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு ரேடியேட்டர் பக்கம் போங்கள்: தண்ணீர் அளவு, ரேடியேட்டர் மூடி, ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய கூண்டு, ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட் என்ற வரிசையில். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஆறியபின் கிளப்பிப் பார்க்கையில் தண்ணீரில் ஓயாமல் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. வண்டியை ஓட்டிச் செல்லாமல் இழுவை வண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம் சேர்த்துவிடுங்கள்.

## சரிசெய்ததை எப்படி உறுதிப்படுத்துவது

எஞ்சினை நிறுத்திய உடனே மறுபடி கிளப்பிப் பார்த்து நிம்மதி அடைவதில் பயனில்லை. பானட்டுக்குள் சூடு உச்சத்துக்கு ஏறுவது நிறுத்திய 10 முதல் 30 நிமிடத்துக்குள்தான். வெயிலுள்ள பிற்பகலில் அரை மணி நேரம் ஓட்டி, முடிந்தால் நெரிசலில் கொஞ்ச நேரம் ஊர்ந்து வந்து, வீட்டு வாசலில் பானட்டைத் திறக்காமல் நிறுத்துங்கள். 20 நிமிடம் கழித்துக் கிளப்பிப் பாருங்கள். இதை வெவ்வேறு நாள்களில், டேங்க் நிறைந்திருக்கும்போது ஒருமுறையும் கால்பங்கு இருக்கும்போது ஒருமுறையுமாகச் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பாகத்தை மட்டுமே மாற்றுங்கள். கழற்றிய பழைய பாகத்தில் என்று, எதற்காகக் கழற்றியது என்று எழுதி ஒட்டிவைத்தால், பின்னால் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக்கும் அது உதவும். சோதனைக்காக இழுத்த தற்காலிக வயர்கள் எதையும் வண்டியில் விட்டுவைக்காதீர்கள்.